கணக்கு வராத பிள்ளைக்கு என்ன படிப்பு?

"கணக்கே இல்லாத படிப்பு ஏதாவது இருக்கிறதா?" சிங்கப்பூரில் வாழ்க்கைத்தொழில் ஆலோசகரான என்னிடம் உயர்நிலை நான்கு மாணவர்களின் பெற்றோர் அதிகம் கேட்பது இதைத்தான். கேட்கும்போதே பலர் பதிலையும் கையில் வைத்திருப்பார்கள்: உளவியல்.

அங்கேதான் சிக்கல். உளவியல் பட்டப்படிப்பில் புள்ளியியலுக்குத் தப்ப முடியாது. இரண்டு குழுக்களுக்கு இடையே தெரியும் வேறுபாடு தற்செயலானதா என்று சோதித்து அறிக்கை எழுத வேண்டும். மனிதர்களோடு பேசிப் பழகும் படிப்பு என்று நம்பிச் சேர்ந்த பிள்ளைகள் முதலாம் ஆண்டிலேயே விழி பிதுங்குகிறார்கள்.

தாதிமையை மட்டும் "மருந்துக் கணக்குப் போட வேண்டுமே" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கணக்கு உண்டுதான். 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் பாராசிட்டமால் என்றால் 180 மில்லிகிராம். பாட்டிலில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் என்று இருந்தால், கொடுக்க வேண்டியது 7.5 மில்லிலிட்டர். வெறும் பெருக்கல், வகுத்தல், ஆனால் பிசகக்கூடாது. எக்ஸின் மதிப்பைக் கண்டுபிடி என்றால் திணறும் பிள்ளைகள் பலர் இதில் தடுமாறுவதில்லை. எண்களே அடிக்கடி இடம் மாறித் தெரிகிற பிள்ளைக்கு நான் தாதிமையைச் சொல்வதில்லை. அது கணிதக் கற்றல் குறைபாடாக இருக்கலாம். திட்டுவதை நிறுத்திவிட்டு முதலில் பரிசோதித்துப் பாருங்கள்.

எண்கள் உண்மையிலேயே குறைவான வேலைகளும் உண்டு: பாலர் பள்ளி ஆசிரியர், நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், சுற்றுலா வழிகாட்டி. தமிழ் நன்றாக வரும் பிள்ளைகளுக்கு, தமிழையும் பாலர் கல்வியையும் சேர்த்துப் படிக்கும் பட்டயப் படிப்பு நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இருக்கிறது. ஆனால் வேலைக்குத் தேவையில்லை என்று இப்போதே கணிதத்தைக் கைகழுவிவிடாதீர்கள். பலதுறைத் தொழிற்கல்லூரிப் படிப்புகள் பெரும்பாலானவற்றில் சேரக் கணிதத்தில் குறைந்தபட்சத் தேர்ச்சி கேட்கிறார்கள். ஒவ்வொரு படிப்புக்கும் அது வேறுபடும். பெயரைப் பார்த்து மயங்காமல் தகுதிப் பட்டியலைப் படியுங்கள்.

மருதாணி, ஒப்பனை, திருமணப் புகைப்படம் என்று சொந்தமாகத் தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கலைக்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் இவர்கள்தான். ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவுக்குப் பணம் கட்ட வேண்டும். ரசீதுகளை ஐந்தாண்டுகள் பத்திரப்படுத்த வேண்டும். கணக்குப் பார்க்க ஆள் வைத்துக்கொள்ளலாம், தவறில்லை. அவருக்குக் கொடுப்பதையும் உங்கள் கட்டணத்தில் சேர்த்தே விலை சொல்லுங்கள்.