என்ன நடந்தது என்று கேட்பதற்கு முன்

சமூகப் பணியாளராகப் பேரிடர் நடந்த இடத்துக்கு முதல் தடவை போனபோது என் பையில் ஒரு நோட்டும் இரண்டு பேனாவும் இருந்தன, மனதில் கல்லூரியில் படித்த ஒரு நம்பிக்கையும் இருந்தது. உள்ளே இருப்பதைக் கொட்டித் தீர்த்துவிட்டால் பாரம் குறையும் என்பதுதான் அது. முகாமில் ஓர் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தணித்துக்கொண்டு, "என்ன நடந்ததும்மா, சொல்லுங்க" என்றேன். சொன்னார். வெள்ளம் எத்தனை மணிக்கு வந்தது, எந்தச் சுவர் முதலில் விழுந்தது, யாருடைய கை நழுவியது என்று வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல ஒரே குரலில் சொல்லி முடித்துவிட்டு, "இன்னும் எத்தனை பேருகிட்டம்மா இதையே சொல்லணும்?" என்று கேட்டார். அன்றைக்கு அவரிடம் கேட்ட ஐந்தாவது ஆள் நான். பேசும்போதெல்லாம் அவர் கை மடியிலிருந்த அடையாள அட்டையைத் துடைத்துக்கொண்டே இருந்தது. லேமினேஷனுக்குள் தண்ணீர் புகுந்து, முகம் இருந்த இடம் வெள்ளையாகிக் கிடந்தது. அந்த அட்டை இல்லாமல் நிவாரணப் பட்டியலில் பெயர் ஏறாது. அதைப் பற்றி எங்கள் ஐந்து பேரில் ஒருவரும் கேட்கவில்லை.

இந்தத் தவறை நான் மட்டும் செய்யவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்காக ஜெஃப்ரி மிட்செல் என்ற அமெரிக்கர் 1983-இல் முன்வைத்த ஒரு குழுப்பேச்சு முறை, போகப்போக வடிவம் மாறி, பாதிக்கப்பட்ட ஒவ்வொருவரையும் ஒரே அமர்வில் நடந்ததைச் சொல்லவைக்கும் வழக்கமாகப் பரவிவிட்டது. பல மருத்துவ ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எடைபோடும் காக்ரேன் தொகுப்பாய்வு ஒன்று 2002-இல் வெளியானது. அது, அப்படிப்பட்ட ஒற்றை அமர்வு பிற்காலப் பாதிப்பைத் தடுத்ததாகத் தெரியவில்லை என்று சொன்னது, அதில் சேர்த்துப் பார்க்கப்பட்ட ஓர் ஆய்விலோ அமர்வுக்குப் போனவர்களின் நிலைமை மற்றவர்களைவிட மோசமாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு 'பார், கேள், இணை' என்ற மூன்று சொல்லில் வேலையைச் சொல்லிவிடுகிறது. இதில் 'கேள்' என்றால் காது கொடு என்று பொருள், துருவு என்று இல்லை. 'இணை' என்றால் தேவையான உதவியோடு சேர்த்துவிடு என்று பொருள். பேச விருப்பமில்லாதவரை வற்புறுத்தக்கூடாது என்று அந்தக் கையேடே சொல்கிறது. முதல் வாரங்களில் தூக்கம் வராததும் சின்னச் சத்தத்துக்குத் திடுக்கிடுவதும் பெரும்பாலோருக்கு வரும், பெரும்பாலோருக்குத் தானாகவே தணியவும் செய்யும். ஒரு மாதம் தாண்டியும் விடாமல் இருந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்பவேண்டும். தற்கொலைப் பேச்சு என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக்கூடாது.

சரி, அப்படியானால் நாங்கள் என்னதான் செய்கிறோம்? வரிசையில் கூட நிற்கிறோம், படிவம் நிரப்புகிறோம், ஒரே விவரத்தை நான்கு அலுவலகத்தில் சொல்லவேண்டிய இடத்தில் ஒரு தாளில் எழுதிக்கொடுத்து பாதிக்கப்பட்டவர் மறுபடி மறுபடி வாய் திறக்கவேண்டியிராமல் பார்த்துக்கொள்கிறோம். இதெல்லாம் குமாஸ்தா வேலை, கவுன்சலிங் எப்போது ஆரம்பிக்கும் என்று புதிதாக வரும் பிள்ளைகள் கேட்பார்கள். அடுத்த வாரம் யாரைப் பார்க்கவேண்டும், எந்தத் தாள் எடுத்துப் போகவேண்டும் என்று தெரிந்த ஒருவருக்கு அன்று ராத்திரி கொஞ்சமாவது தூக்கம் வருகிறது, அதை நான் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

யாரை யார் பக்கத்தில் தங்கவைக்கிறோம் என்பதும் எங்கள் வேலைதான். 1972 பிப்ரவரி 26 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பஃபலோ கிரீக் பள்ளத்தாக்கில், நிலக்கரிச் சுரங்கக் கழிவைத் தேக்கியிருந்த அணை உடைந்து 125 பேர் இறந்தார்கள். உயிர் தப்பியவர்களுக்குத் தங்க இடம் கிடைத்தது, ஆனால் பழைய அக்கம்பக்கம் யார் என்று பார்க்காமல் கிடைத்த இடத்தில் கிடைத்தவரை அமர்த்திவிட்டார்கள். வீடும் உறவும் போனது ஒரு காயம், தன்னைத் தெரிந்த மனிதர்கள் சுற்றிலும் இல்லாமல் போனது தனியாக இன்னொரு காயம் என்று அங்கே போய் ஆராய்ந்த சமூகவியலாளர் கை எரிக்சன் எழுதினார். இதைப் படித்த பிறகு, முகாமில் அறை ஒதுக்கும்போது தெரு வாரியாகப் பிரித்துக் கொடுங்கள் என்று அதிகாரிகளிடம் சண்டை போடுவதை நான் வழக்கமாகவே வைத்துக்கொண்டேன். பாதி நேரம் தோற்றுவிடுவேன், அது வேறு விஷயம்.

கேமராக்கள் கிளம்பிப் போனபிறகுதான் கஷ்டமான காலம் ஆரம்பிக்கிறது. முதல் மாதம் ஒருவரையொருவர் தூக்கிச் சுமந்தவர்கள் ஆறாவது மாதம் 'அவனுக்கு மட்டும் எப்படிப் பட்டியலில் பேர் வந்தது' என்று முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். தன்னார்வலர் எல்லோரும் முதல் பத்து நாளிலேயே வந்து குவியாமல் பாதிப் பேராவது இந்த நேரத்துக்கு வந்தால் நன்றாக இருக்கும். உடல் கிடைக்காதவர்களின் குடும்பங்களும் இப்போதுதான் தனித்துப் போகின்றன. பவுலின் பாஸ் என்ற குடும்பநல ஆய்வாளர் இதற்குத் 'தெளிவற்ற இழப்பு' என்று பெயர் வைத்தார். ஒரு மனைவி இறப்புச் சான்றிதழ் விண்ணப்பத்தை மூன்று தடவை வாங்கி மூன்று தடவையும் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தார். "நான் போட்டா நானே அவரைக் கொன்ன மாதிரி ஆயிடும் சிஸ்டர்." அவரிடம் கடைசித் தேதியை மட்டும் சொன்னேன். கையெழுத்துப் போடுங்கள் என்றும் சொல்லவில்லை, போடாதீர்கள் என்றும் சொல்லவில்லை.

பிறகு ஒரு வருடம் தண்ணீர் எங்கள் தெருவுக்கே வந்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு நியூயார்க்கின் மன்ஹாட்டனில் வேலை செய்த ஆலோசகர்களைப் பற்றிச் சமூகப்பணிப் பேராசிரியர் கேரல் டொசோன் எழுதியதில், உதவி கேட்டு வருபவரும் உதவுபவரும் ஒரே காயத்தைச் சுமக்கும் நிலையைப் பற்றிப் படித்திருந்தேன். படித்து என்ன பயன்? என் வீட்டில் இடுப்பளவு சேறு, நான் முகாமில் மற்றவர்களுக்குப் படிவம் எழுதிக்கொண்டிருந்தேன். அது தியாகம் ஒன்றும் இல்லை. வீட்டைப் போய்ப் பார்க்கப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். தினமும் மாலைக் கூட்டத்தில் "எல்லாரும் ஓகேதானே?" என்று கேட்பார்கள், நாங்களும் கோரஸாக ஓகே என்போம்.

பதினோராம் நாள் கூட இருந்த மூத்த பணியாளர் அக்கா என்னைத் தனியாக ஓரமாகக் கூப்பிட்டார். எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிடப்போகிறார் என்று பதிலைத் தயார் செய்துகொண்டேன்.

"உன் வீட்டு ஃபாரம் குடுத்துட்டியா?"

குடுக்கலக்கா என்றேன். மறுநாள்தான் கடைசி நாள். அவர் பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, என் பையிலிருந்தே பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார்.

"பேரு சொல்லு."

ஏழு வருடமாக என்னோடு வேலை செய்கிறவர். சொன்னேன்.