பிறந்தப்ப நல்லாத்தானே இருந்தான்?

போன வாரமும் அதே பேச்சு. ஏழு மாதக் குழந்தை, உள்ளங்கையில் ரத்த ஓட்டமே தெரியாத வெளுப்பு. "பிறந்தப்ப கொழுகொழுன்னு இருந்தான் டாக்டர், இவ பால்தான் ஒத்துக்கல" என்றார் பாட்டி. மருமகள் நிமிரவேயில்லை. பாட்டியின் மடியில், ரத்தம் ஊறுமென்று சிங்கப்பூர் தேக்காவில் வாங்கிய பேரீச்சம்பழ சிரப்.

பரிசோதனையில் பீட்டா தலசீமியா மேஜர்: ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலி சரியாக உருவாகாத, கடுமையான பரம்பரை ரத்தச்சோகை.

பிறந்தபோது நன்றாக இருந்தால் பரம்பரை நோய் இல்லை என்று யார்தான் சொல்லிவைத்தார்களோ! ஹீமோகுளோபின் என்பது சிவப்பணுவில் ஆக்ஸிஜன் சுமக்கும் புரதம்; கருவிலிருக்கும் குழந்தைக்கு அதில் ஆல்ஃபா சங்கிலியோடு சேர்ந்திருப்பது காமா சங்கிலி. பீட்டாவுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. பிறக்கும்போதும் 60 முதல் 80 சதவீதம் இந்த ஹீமோகுளோபின்தான். பிறகு எலும்பு மஜ்ஜையில் வளரும் சிவப்பணுக்கள் மெல்ல மெல்ல காமாவை மூடி பீட்டாவுக்கு மாறுகின்றன. எந்த மரபணு எப்போது ஓடவேண்டும் என்பதை டிஎன்ஏ-வில் உட்கார்ந்து முடிவு செய்பவை டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் எனும் புரதங்கள். அவற்றில் கேஎல்எஃப்1 பீட்டாவை முடுக்கும், பிசிஎல்11ஏ என்ற இன்னொன்றையும் கூட்டும். பிசிஎல்11ஏ காமாவை அடைத்துவிடும். இந்தக் குழந்தைக்கும் அவை ஒழுங்காகத்தான் வேலை செய்தன. காமா மூடியாயிற்று, பீட்டாவோ இரண்டு பிரதியிலும் பழுது. வெளுப்பு சில மாதம் கழித்துத் தெரிவது அதனால்தான். பாலும் காரணமில்லை, தடுப்பூசியும் இல்லை, கண்ணேறும் இல்லை.

(2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்த கிறிஸ்பர் (மரபணுவை வெட்டித் திருத்தும்) சிகிச்சையும் இந்த மூடியைத்தான் குறிவைக்கிறது. நோயாளியின் ஸ்டெம் செல்லில் பிசிஎல்11ஏ-வை முடுக்க காட்டா1 என்ற இன்னொரு ஃபேக்டர் வந்து உட்காரும் இடத்தை வெட்டிக் கெடுத்தால் காமா திரும்ப ஓடுகிறது. பழுதான பீட்டாவைத் தொடுவதேயில்லை. ஆனால் அந்த அனுமதி 12 வயது நிரம்பியவர்களுக்கு. இவனுக்கு இப்போதைக்கு ரத்தம் ஏற்றத்தான் வேண்டும்.)

என்னைக் கோபப்படுத்தியது அப்பாவின் பழைய ரிப்போர்ட். வேலைக்குச் சேர எடுத்த ரத்தப் பரிசோதனையில் எம்சிவி, அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு, 66. உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினைப் பார்க்காமலேயே இரும்பு மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

எம்சிவி 80-க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள், தலசீமியா கேரியராகவும் (ஒரு பிரதியில் மட்டும் பழுது உள்ளவர்) இருக்கலாம். பலதுறை மருந்தகத்தில் ஃபெரிட்டினும் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோபோரேசிஸும் கேளுங்கள். ஒருவர் கேரியர் என்றால் துணைக்கும் கட்டாயம் எடுங்கள். இருவருமே பீட்டா கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு மேஜர் வர 25 சதவீத வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, அடுத்ததற்கு வராது என்றெல்லாம் கணக்கு இல்லை. ரத்தம் ஏற்றும் குழந்தைக்கு டாக்டர் சொல்லாமல் இரும்பு டானிக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஏற்றும் ஒவ்வொரு பையிலும் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு உடம்பில் சேர்கிறது.

பாட்டியம்மா, குழந்தையின் சித்தப்பாவுக்கு டிசம்பரில் கல்யாணம் என்றீர்களே. அண்ணன் கேரியர் என்றால் தம்பிக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆர்ஓஎம்-க்கு (திருமணப் பதிவுக்கு) போகும் முன் மாப்பிள்ளை, பெண் இரண்டு பேரையும் கூட்டி வாருங்கள். மருமகளைக் குறை சொல்வதை விட்டுவிடுங்கள், உங்கள் மகனுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவுதான் அவளுக்கும்.