14 ஆண்டு முன்கூட்டியே ஓர் அஞ்சலி: ‘ஹோமேஜ்’ என்ற சொல்

பழைய விண்வெளிக் கணினி விளையாட்டுகளைப் பற்றித் தமிழில் ஒரு காணொளி பார்த்துக்கொண்டிருந்தேன். பேசியவர் விஷயம் தெரிந்தவர், உழைத்திருந்தார். ‘எலைட்’ விளையாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவர், “இந்த இடத்தில் எலைட், ஸ்டான்லி குப்ரிக்குக்கு அஞ்சலி செலுத்துகிறது” என்றார். அவர் சொன்ன இடம் 1985இல் வந்தது. திரைப்பட இயக்குநரான குப்ரிக் காலமானது 1999இல்.

ஒரு தடவை என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். விமர்சனங்களில், சப்டைட்டில்களில், விளையாட்டு அறிமுகங்களில் எங்கே பார்த்தாலும் இதே அஞ்சலி. ஒரு தொடர் பழைய படத்தின் காட்சி ஒன்றை வேண்டுமென்றே திரும்பச் செய்தால் அஞ்சலி. ஒரு விளையாட்டு தன் கப்பலுக்கு எழுத்தாளர் ஒருவரின் பெயரை வைத்தாலும் அஞ்சலி. ‘ஹோமேஜ்’ (homage) என்ற ஆங்கிலச் சொல்லைக் கண்டதும் கை தானாக அங்கே போய்விடுகிறது போல.

எலைட்டில் நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இயன் பெல், டேவிட் பிரேபன் என்ற இரு மாணவர்கள் எழுதி 1984இல் வெளிவந்த விளையாட்டு இது. நாம் ஒரு சிறு விண்கலத்தில் சரக்கு ஏற்றி, கொள்ளைக்காரர்களுக்குத் தப்பி, விண்வெளி நிலையம் ஒன்றுக்குள் போய்ச் சேர வேண்டும். நிலையம் தன்னைத்தானே சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் முகப்பில் தபால்பெட்டியின் வாய்போல ஒரு நீளத் துளை. நிலையம் சுழலும் வேகத்திலேயே நம் கலத்தையும் உருட்டி, இரண்டும் ஒரே கோணத்தில் நிற்கும் நேரம் பார்த்து நுழைய வேண்டும். கொஞ்சம் பிசகினால் போச்சு. கைக்கு வராதவர்கள் இதைத் தானாகச் செய்யும் கருவி ஒன்றை விளையாட்டுக்குள்ளேயே விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். காமடோர் 64 கணினிக்கு 1985இல் வந்த பதிப்பில் அந்தக் கருவியை முடுக்கிவிட்டால், யோஹான் ஸ்ட்ராஸின் ‘நீல டான்யூப்’ இசை ஆரம்பிக்கும். 1968இல் வந்த குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ படத்தில், சுழலும் நிலையத்தோடு ஒரு கலம் இணையப்போகும் காட்சிக்கு அதே இசைதான். படம் பார்த்தவர் அந்த முதல் சில சுரங்களிலேயே பிடித்துவிடுவார். பிடிக்க வேண்டும் என்றுதான் அது அங்கே வைக்கப்பட்டிருக்கிறது.

இதற்கு ஆங்கிலக்காரர்கள் சொல்வது ஹோமேஜ். பிரெஞ்சு உச்சரிப்பில் ‘ஓமாஜ்’ என்று சொன்னால் சினிமா விமர்சகர் என்று அர்த்தம். பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல். அடியில் இருப்பது மனிதன், ஆள் என்று பொருள்படும் லத்தீன் ‘ஹோமோ’. இடைக்கால ஐரோப்பாவில் ஒருவன் ஒரு பிரபுவின் முன்னால் மண்டியிட்டு, இரு கைகளையும் சேர்த்து அவர் கைகளுக்குள் வைத்து, ‘இனி நான் உங்கள் ஆள்’ என்று உறுதி சொல்வான். அந்தச் சடங்குதான் ஹோமேஜ். பிறகு மரியாதை காட்டுவதற்கெல்லாம் பொதுச்சொல்லாகி, கலைத்துறைக்கு வந்ததும் முன்னவர் படைப்பிலிருந்து ஒன்றை அவர் நினைவு வரும்படி எடுத்துக் கையாள்வதைக் குறிக்கத் தொடங்கியது.

மேலே உள்ள சடங்கை இன்னொரு தடவை பாருங்கள். சேர்த்த இரு கைகள். வடமொழியில் அஞ்சலி என்றாலும் அதேதான், கூப்பிய கை. பரதநாட்டியத்தில் இன்றும் அஞ்சலி ஹஸ்தம் என்றால் கை கூப்புவதுதான். ஆகவே முதன்முதலில் இந்த மொழிபெயர்ப்பைச் செய்தவர் முட்டாள் இல்லை. வேர் வரைக்கும் போய்ப் பார்த்தால் அசந்துபோகும் அளவுக்குப் பொருத்தம். அவர் வேர் வரைக்கும் போனாரா, அகராதியில் முதலில் கண்ட சொல்லோடு நின்றாரா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு, அது வேறு கதை.

சிக்கல் என்னவென்றால், நாம் வேர்களில் பேசுவதில்லை. இன்றைய தமிழில் அஞ்சலி என்றால் கண்ணீர் அஞ்சலி, மலரஞ்சலி, நினைவஞ்சலி. ‘செலுத்து’ என்ற வினை கூடச் சேர்ந்துவிட்டால் தப்பிக்க வழியே இல்லை. “அவருக்கு அஞ்சலி செலுத்தினார்கள்” என்று கேட்ட நொடியில் “எப்போ?” என்றுதான் கேட்போம்.

உடனே ஒருவர் வருவார்: “நாட்டியாஞ்சலி என்கிறோம், புஷ்பாஞ்சலி என்கிறோம், அங்கே யாரும் சாகவில்லையே?” சாகவில்லைதான். அங்கே அஞ்சலி பெறுபவர் கடவுள், அவருக்கு அந்தப் பிரச்சினை கிடையாது. தவிர, அவை ஒட்டிப் பிறந்த கூட்டுச்சொற்கள், உள்ளே இருக்கும் அஞ்சலி தனியாகக் காதில் விழுவதில்லை. தனியாக நிற்க வைத்து, மனிதர் ஒருவருக்கு, ‘செலுத்து’ என்ற வினையோடு சொல்லிப் பாருங்கள். இரங்கல் கூட்டம் கண்ணுக்கு வராவிட்டால் நான் என் கட்சியை விட்டுக்கொடுத்துவிடுகிறேன். அதோடு எழுதுகிறவருக்குத் தெரிந்திருந்தால் போதாது. குப்ரிக் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத வாசகருக்கு அந்த வாக்கியம் தவறான செய்தியைத் தருகிறது. தூய தமிழா கலப்பா என்பதற்கு முன்னால் என் குறை இதுதான்: சொல் பொய்ச் செய்தி சொல்லக் கூடாது.

நியாயமாக இருக்க வேண்டுமென்றால், அஞ்சலி தப்பித்துக்கொள்ளும் இடமும் உண்டு. 2008இல் வந்த ‘டெட் ஸ்பேஸ்’ விளையாட்டின் நாயகன் பெயர் ஐசக் கிளார்க். அறிவியல் புனைகதை எழுத்தாளர்களான ஐசக் அசிமோவின் முதல் பெயரும் ஆர்தர் சி. கிளார்க்கின் கடைசிப் பெயரும் சேர்ந்தது. அசிமோவ் 1992இல் போய்விட்டார். கிளார்க் அதே 2008 மார்ச்சில் போனார், விளையாட்டு கடைக்கு வந்தது அக்டோபரில். அங்கே அஞ்சலி என்று எழுதியவர் தற்செயலாகத் தேறிவிடுவார். ஆனால் பெயர் சூட்டியபோது கிளார்க் உயிரோடு இருந்தார் என்பதையும் பார்க்க வேண்டும்.

‘ட்ரிப்யூட்’ என்பதையும் இதே அஞ்சலியில் தள்ளுகிறார்கள். அதன் மூலப்பொருள் வரி, சிற்றரசன் பேரரசனுக்குக் கட்டுகிற திறை. சிலர் காணிக்கை என்கிறார்கள். கேட்க அழகான சொல், இரண்டு நாள் நானும் அதன் பக்கம் இருந்தேன். பிறகுதான் உறைத்தது: காணிக்கை என்பது நம் பையிலிருந்து எடுத்து அவருக்குக் கொடுப்பது. இங்கே நடப்பது அவர் பையிலிருந்து எடுத்து நாம் வைத்துக்கொள்வது! ‘மரியாதை’ மிகப் பொதுவானது, எழுந்து நின்றாலும் மரியாதைதான். ‘தழுவல்’ என்றால் முழுக் கதையையும் எடுத்து வேறு வடிவில் செய்வது. எலைட் குப்ரிக்கின் கதையைத் தொடவே இல்லை.

இந்த விஷயத்தில் தமிழ் ஒன்றும் வறுமையில் இல்லை என்பதுதான் என் எரிச்சலுக்குக் காரணம். யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்பதை இலக்கணமாகவே எழுதி வைத்தவர்கள் நாம். தொல்காப்பியம் முன்னொரு நூலைப் பின்பற்றி எழுதும் வழிநூலை நான்காகப் பிரிக்கிறது: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு. நன்னூல் முதல், வழி, சார்பு என்று மூன்று நூல் சொல்கிறது. சார்பு நூல் முந்தையவற்றிலிருந்து ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு மற்றதில் தன் வழியே போவது. 1970இல் லாரி நிவன் எழுதிய ‘ரிங்வோர்ல்ட்’ நாவலின் வளைய உலகத்தை நினைத்துக்கொண்டு 2001இல் வந்த ‘ஹேலோ’ விளையாட்டின் வளையத்தைப் பாருங்கள், சார்பு என்றால் என்னவென்று விளங்கும்.

ஹோமேஜுக்கு அதே நன்னூல் பாயிரத்தில் ஒரு வரி இருக்கிறது: “முன்னோர் மொழிபொருளே யன்றி அவர்மொழியும் பொன்னேபோல் போற்றுவம்.” முன்னவர் சொன்ன கருத்தை மட்டுமல்ல, அவர் சொன்ன சொற்களையே பொன்போல வைத்துக்கொள்வோம் என்கிறது. இசையை மாற்றாமல் அதே டான்யூப்பை வைத்த எலைட்காரர்கள் செய்தது இதுதான்.

செய்து காட்டியவர் சாத்தனார். மணிமேகலையில் “தெய்வந் தொழாஅள் கொழுநற் றொழுதெழுவாள் பெய்யெனப் பெய்யும் பெருமழை” என்று 55ஆம் குறளை அப்படியே வைத்து, உடனே “என்ற அப் பொய்யில் புலவன் பொருளுரை தேறாய்” என்கிறார். பெயரைச் சொல்லவில்லை, ஆனால் கேட்பவருக்கு யார் என்று தெரியும் என்ற நம்பிக்கை இருக்கிறது. கூடவே ‘பொய்யில் புலவன்’ என்ற பாராட்டு. இதைத் தமிழாசிரியர்கள் எந்த வினையால் சொல்கிறார்கள்? “சாத்தனார் குறளை எடுத்தாண்டிருக்கிறார்.” அஞ்சலி செலுத்தினார் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஆக, என் ஓட்டு எடுத்தாளலுக்கு. புதிதாக ஆக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே புழங்குகிற சொல். மரியாதை அதில் எங்கே என்று கேட்கலாம். ‘ஆளல்’ என்ற பாதியில் இருக்கிறது என்பேன். எடுத்தல் யாருக்கும் வரும், எடுத்ததை ஆளத் தெரிய வேண்டும். ஒரு வேடிக்கை: ஹோமேஜில் இருப்பது ‘உங்கள் ஆள்’ என்று மண்டியிடுகிற ஆள். எடுத்தாளலில் இருப்பது கையாள்கிற ஆள். வேர்ப்பொருளே வேண்டும் என்பவர்கள் ‘ஆட்படல்’ என்று சொல்லிக்கொள்ளட்டும், நல்ல பக்திச் சொல். ஆனால் விளையாட்டு செய்கிறவர் எவரும் யாருக்கும் அடிமை ஓலை எழுதித் தருவதில்லை. காப்பி என்று கடிந்துகொள்ள வேண்டிய இடத்தில் காப்பி என்றே சொல்லுங்கள், அங்கே இந்தச் சொல்லைப் போர்வையாக்க வேண்டாம்.

சங்கிலியாகப் போகும் கடனுக்கும் இது ஒத்துப்போகிறது. எச். ஜி. வெல்ஸ் 1898இல் நூலாக வெளியிட்ட செவ்வாய்ப் படையெடுப்புக் கதையில், வந்திறங்குபவை ஆக்டோபஸ் போன்ற உருவங்கள். 1978இல் டோமோஹிரோ நிஷிகாடோ ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டைச் செய்தபோது தன் வேற்றுக்கோள் உருவங்களுக்கு அந்த ஆக்டோபஸை எடுத்தாண்டார். 2002இல் ‘ஃபியூச்சுராமா’ தொடரில் ஒரு கதை, பூமிமேல் வரிசை வரிசையாக இறங்கும் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் படையையே எடுத்தாண்டது. நாவலிலிருந்து விளையாட்டு, விளையாட்டிலிருந்து தொடர். இதை அஞ்சலி என்று எழுதியிருந்தால், தொடர் ஒரு விளையாட்டுக்கு அஞ்சலி செலுத்தியது என்று ஆகும். கருவிக்குக் கூடவா கருமாதி?

இதே ஆட்கள்தான் ‘ஈஸ்டர் எக்’ என்பதை ஈஸ்டர் முட்டை ஆக்கினார்கள். அட்டாரி நிறுவனத்தின் ‘அட்வெஞ்சர்’ விளையாட்டில் வாரன் ராபினெட் தன் பெயரை ஒரு ரகசிய அறைக்குள் ஒளித்து வைத்தாரே, அந்த வகைச் சமாச்சாரம். அதில் முட்டை முக்கியமில்லை, ஒளித்து வைத்துத் தேட விடுவதுதான் முக்கியம். அந்தப் பண்டிகை விளையாட்டு தெரியாதவருக்கு ஈஸ்டர் முட்டை என்ற மொழிபெயர்ப்பு எதையும் சொல்லாது. ஈஸ்டர் எக் என்றே விட்டிருந்தால் கலைச்சொல் என்றாவது புரிந்திருக்கும். தமிழ் எழுத்தில் இருந்தாலே தமிழ் ஆகிவிடும் என்ற நினைப்பு எங்கிருந்துதான் வந்ததோ.

எடுத்தாளலிலும் ஒரு குறை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். வினையாக ஓடும்போது நன்றாக ஓடும்: எடுத்தாள்கிறது, எடுத்தாண்டார், எடுத்தாளப்பட்ட காட்சி. பெயராக நிறுத்தினால் கொஞ்சம் நீளம். ‘எடுத்தாட்சி’ என்று சுருக்கினால் ஏதோ தேர்தல் முடிவு மாதிரி ஒலிக்கிறது. காணொளியின் முகப்புப் படத்தில் இடம் போதவில்லை என்றால் ஹோமேஜ் என்றே போட்டுவிடுங்கள். யாரும் சாகவில்லை.