சரம் கட்டாமல் எடை போடுவது: ஹாஸ்கெல்லில் பெரிய கோப்பைப் படித்தல்

தோவாளைப் பூச்சந்தைக் கணக்கு ஒரு கோப்பில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வரிக்கு ஒரு பூவும் எடையும்: ‘பிச்சி,12’. கோப்பு 100 எம்பி. பூவாரியாக மொத்த எடை வேண்டும். ஹாஸ்கெல் என்னும் நிரல்மொழியில் நாலு வரி நிரல் போதும். ஆனால் அது ஒன்றரை ஜிபி நினைவகத்தை விழுங்கக்கூடும்.

காரணம், உரையை வைக்கும் ஸ்டிரிங் வகை. ஹாஸ்கெல்லில் அது நிஜமாகவே சரம்தான், எழுத்துக்கு ஒரு முடிச்சு. 64 பிட் கணினியில் ஹாஸ்கெல் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் ஜிஹெச்சி தொகுப்பி ஒரு முடிச்சுக்கு 24 பைட், எழுத்துக்கு 16 பைட் ஒதுக்குகிறது. ஆங்கில எழுத்து, இலக்கம், கமா ஆகியவற்றுக்குப் பொதுப் பிரதி உண்டு என்பதால் பயன்படாத நினைவகத்தை மீட்கும் குப்பை சேகரிப்பான் அந்த 16ஐ மிச்சப்படுத்திவிடும். தமிழுக்கு அந்தச் சலுகை கிடையாது. ‘பிச்சி’ யூனிகோடில் 6 குறியீடு, 240 பைட். கமா, இரண்டு இலக்கம், வரிமுடிவு எல்லாம் சேர்ந்து 96. கோப்பில் 22 பைட்டாக இருந்த வரி 336 ஆகிறது.

தேவைப்படும்போது மட்டும் கணக்கிடும் சோம்பல் மதிப்பீடு இருக்கிறதே என்று கேட்கலாம். படித்த பகுதியை உடனே விட்டுவிட்டால் சரி. அதே பட்டியலில் முதலில் கூட்டல், பிறகு வரி எண்ணிக்கை என்று இருமுறை நடந்தால், இரண்டாவது நடைக்காகச் சரம் முழுவதும் காத்துக் கிடக்கும்.

ஸ்டிரிங்குக்கு மாற்று, சோம்பல் பைட்ஸ்டிரிங் என்னும் வகை. அது கடவப்பெட்டி மாதிரி: முடிச்சு இல்லை, சுமார் 32 கேபி துண்டு துண்டாகப் பைட்டுகள். கமாவில் வெட்டத் தமிழைப் பிரித்தறியவே வேண்டாம். யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ் எழுத்தின் ஒவ்வொரு பைட்டும் 128 அல்லது அதற்கு மேல், கமா 44. தவறி வெட்டுப்பட வழியே இல்லை. விடையை அச்சிடும்போது மட்டும் யூனிகோடு உரைக்கான டெக்ஸ்ட் வகைக்கு மாற்றினால் போதும். பைட்ஸ்டிரிங்கின் ‘சார்8’ தொகுதியில் உரையைப் பைட்டுகளாக்கும் ‘பேக்’ கொண்டு ‘பிச்சி’ என்று எழுதி ஒப்பிட்டால் மட்டும் பொருந்தாது. அது ஒவ்வொரு குறியீட்டையும் 8 பிட்டாக நறுக்கிவிடும்.

வெட்டிய துண்டு நகல் அல்ல, மூலத்துக்குள் ஒரு சுட்டு. கோப்பை ஒரே மூச்சில் கண்டிப்பான, அதாவது முழுவதும் ஒரே துண்டான, பைட்ஸ்டிரிங்காகப் படித்து, பூப்பெயரை மேப்பில் (பெயருக்கு ஒரு மதிப்பு வைக்கும் அட்டவணை) வைத்தால், அந்த 18 பைட் 100 எம்பியையும் பிடித்துவைத்திருக்கும். மேப்பில் போடுமுன் ‘காப்பி’ செய்க.

கூட்டலுக்கு, மதிப்பை உடனே கணக்கிட்டு வைக்கும் ‘மேப்.ஸ்டிரிக்ட்’. சோம்பல் மேப்பில் மொத்தம் எண்ணாக இல்லாமல், செய்யாத கூட்டல்களின் குவியலாகவே இருக்கும். மொத்தத்தையும் எண்ணிக்கையையும் ஜோடியாக வைத்தால் ஸ்டிரிக்ட் மேப்பும் கைகொடுக்காது; அது ஜோடியின் வாசலோடு நின்றுவிடும். உள்ளே இரு புலங்களுக்கும் ஆச்சரியக்குறி (உடனே கணக்கிடு என்னும் அடையாளம்) இட்ட தனி வகை வேண்டும்.

பைட்டுகளிலிருந்து முழு எண்ணைப் படிக்க ‘ரீட்இன்ட்’ வேகமானது, ஆனால் ‘12.5’ஐக் கொடுத்தால் 12ஐ எடுத்துக்கொண்டு ‘.5’ஐ மீதி என்று திருப்பித் தரும். மீதியைப் பார்க்காத நிரலில் அரைக் கிலோ பிச்சி சத்தமில்லாமல் காணாமல் போகும். எடையைக் கிராமில் பதிவதே நல்லது.