மூணு மாதத்தில் தற்காப்பு வந்துவிடுமா?

"மூணு மாசத்துல என் பொண்ணு தன்னைத் தானே காப்பாத்திக்குவாளா மாஸ்டர்?" கராத்தே வகுப்பில் சேர்க்க வருகிற பெற்றோர் பலரும் கேட்பது இதைத்தான். மாட்டாள் என்று நேராகவே சொல்லிவிடுவேன்.

மூன்று மாதத்தில் நிற்கும் முறை வரும், குத்தும் உதையும் ஓரளவு வரும், கீழே விழுந்தால் தலை அடிபடாமல் விழத் தெரியும். ஆனால் தன்னைவிட இரண்டு மடங்கு எடையுள்ள ஆளை அடித்து வீழ்த்துவதெல்லாம் வேறு கதை. குத்துச்சண்டையிலும் ஜூடோவிலும் எடைப் பிரிவு எதற்கு வைத்திருக்கிறார்கள்? பல வருடம் பழகியவர்களுக்கே எடை வித்தியாசம் பெரிய விஷயம்.

இன்னொன்று, கட்டா, அதாவது குத்து உதைகளை வரிசையாகத் தனியே செய்து பழகும் பயிற்சி, செய்யும்போது எதிரில் ஆளே கிடையாது, ஜோடிப் பயிற்சியில் மணிக்கட்டைப் பிடிக்கும் தோழியோ நீங்கள் லேசாகத் திருப்பியதுமே விட்டுவிடுவாள். தெருவில் பிடித்தவன் விடமாட்டான், இழுப்பான், அடுத்த கையால் அறைவான், பயத்தில் உங்கள் கை நடுங்கும், கையை முறுக்கிப் பூட்டுகிற நுணுக்கமான பிடி எதுவும் நினைவுக்கு வராது. அதனால்தான் எதிராளி உண்மையாகவே எதிர்க்கிற பயிற்சி வேண்டும் என்கிறேன். 1882-ல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, ராண்டோரி என்ற அந்த மாதிரிப் பயிற்சிக்குப் பெரிய இடம் கொடுத்தார்.

கத்தியைப் பிடுங்கும் வித்தை பற்றிச் சந்தேகம் இருந்தால், ரப்பர் கத்தியின் ஓரத்தில் மை தடவி, நண்பரை நிஜமாகவே குத்த வரச் சொல்லிப் பாருங்கள். சட்டையெல்லாம் கோடாக இருக்கும். செயினோ போனோ கேட்டால் கொடுத்துவிட்டு ஓடுங்கள்.

தப்பிக்க வழி கிடைத்த பிறகும் நின்று அடிக்கக் கூடாது. 2024 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன, ஆனால் தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகக் காயம் ஏற்படுத்த 37-வது பிரிவு இடம் தரவில்லை. விழுந்து கிடப்பவனை மறுபடி உதைத்தால் வழக்கு உங்கள் மேலேயே திரும்பலாம்.

பெற்றோரிடம் நான் அதிகம் பேசுவது வேறொன்றைப் பற்றி. பிள்ளைகளிடம் அத்துமீறுபவர்கள் பெரும்பாலும் தெரிந்தவர்கள்தான்: உறவுக்காரர், டியூஷன் வாத்தியார், பக்கத்து வீட்டுக்காரர். மாமாவைக் குத்து என்று எந்தக் குழந்தையிடம் சொல்வீர்கள்? "தொடாதீங்க" என்று சத்தமாகச் சொல்லவும், அந்த இடத்தைவிட்டு நகரவும், வீட்டில் வந்து சொல்லவும் பழக்க வேண்டும், எங்கள் வகுப்பில் இதையும் சேர்த்தே சொல்லித்தருகிறோம். அவள் வந்து சொல்லும்போது நம்புவது உங்கள் வேலை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அவளுக்கு மனப்பாடமாக்கிவிடுங்கள்.

வகுப்பில் பணம் கட்டும் முன் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். ஒரே வருடத்தில் பிளாக் பெல்ட் என்றால் அங்கே சேர்க்காதீர்கள்.