முத்திரை ஒட்டிய டப்பாவுக்குள்

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் மருந்துக் கடைக்கு ஒரு அம்மா வந்தார். அறுபது வயது இருக்கும். மூட்டு வலிக்குத் தபாலில் வரவழைத்த சூரணம் தீர்ந்துவிட்டது, அதே போல இங்கே கிடைக்குமா என்று கேட்டார். டப்பாவை வாங்கிப் பார்த்தேன். ஒரு மலை, இரண்டு மூலிகைச் செடி, ‘பக்க விளைவு இல்லாதது’ என்று பெரிய எழுத்து. உள்ளே என்ன மருந்து, எவ்வளவு என்று ஒரு வரிகூட இல்லை. உற்பத்தி உரிம எண் இல்லை, பேட்ச் எண்ணும் இல்லை.

“என்னம்மா, இதுல என்ன இருக்குன்னே போடலையே?”

“கவர்மெண்ட் நம்பர் இருக்கே தம்பி, பாக்கலையா?” என்று டப்பாவின் அடியைக் காட்டினார். அது ஜிஎஸ்டி எண்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்தில் படித்த மக்களே இதே இடத்தில்தான் ஏமாந்தார்கள். 1783-இல் பிரிட்டிஷ் அரசு மருந்துகளுக்கு முத்திரை வரி போட்டது. விக்டோரியா காலத்தில் அது ஒரு ஷில்லிங் விலையுள்ள மருந்துக்கு ஒன்றரை பென்னி. வரி கட்டியதற்கு அடையாளமாக, அரசு அச்சிட்ட சீட்டு ஒன்றை டப்பாவின் மேல் ஒட்டுவார்கள். அந்தக் கால விளம்பரங்களில் பல மருந்துகளுக்கு ‘ஒரு ஷில்லிங் ஒன்றரை பென்னி’ என்றே விலை இருப்பதற்கு இதுதான் காரணம். கஜானாவுக்குப் பணம் போனதைச் சொல்லும் சீட்டு அது. வாங்கியவர்களோ அரசாங்கமே சோதித்துக் கொடுத்த மருந்து என்று நினைத்துக்கொண்டார்கள். ‘இந்த முத்திரை அரசின் உத்தரவாதம் ஆகாது’ என்று பிற்பாடு அதிலேயே அச்சிட வேண்டி வந்தது.

இந்த மருந்துகளுக்கு இருந்த ‘பேட்டன்ட் மருந்து’, அதாவது காப்புரிமை பெற்ற மருந்து, என்ற பெயரும் இதே மாதிரிதான். பேட்டன்ட் வாங்க வேண்டுமென்றால் செய்முறையை வெளியே சொல்லியாக வேண்டும். இவர்களில் பெரும்பாலோர் அதனாலேயே பேட்டன்ட் பக்கம் போகவில்லை. பெயரையும் லேபிளையும் பதிவு செய்துகொண்டு, உள்ளே இருப்பதை ரகசியமாகவே வைத்துக்கொண்டார்கள்.

சிறுவயதில் ஆடு மேய்த்த தாமஸ் பீச்சம் விற்ற மாத்திரைக்கு ‘ஒரு டப்பா ஒரு கினி பெறும்’ என்று விளம்பரம். கினி என்றால் 21 ஷில்லிங். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1909-இல் வெளியிட்ட பகுப்பாய்வில் அந்த மாத்திரையில் இருந்தவை மூசாம்பரம், சுக்கு, சோப்பு. டப்பாவின் 56 மாத்திரைக்கும் சேர்த்துச் சரக்கின் அடக்கவிலை அரை ஃபார்த்திங். ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்னி, ஒரு பென்னிக்கு நான்கு ஃபார்த்திங். விற்ற விலையான ஒரு ஷில்லிங் ஒன்றரை பென்னியோடு ஒப்பிட்டால் நூறு மடங்குக்கு மேல். நம் நாட்டு மருந்துக் கடையில் பேதியாவதற்குக் கொடுக்கும் அதே மூசாம்பரம்தான்.

1837-இல் களிம்பு விற்கத் தொடங்கிய தாமஸ் ஹாலோவே, 1842-இல் விளம்பரத்துக்கு மட்டும் 5,000 பவுண்டு செலவழித்தார். 1883-இல் இறக்கும்போது அது ஆண்டுக்கு 50,000 பவுண்டு. உபயோகிக்கும் முறையைச் சீனம், அரபு, இந்திய மொழிகள் என்று அச்சடித்துக் கப்பல் போகும் இடமெல்லாம் அனுப்பினார். லாபத்தில் லண்டனுக்கு வெளியே பெண்களுக்கு ஒரு கல்லூரியும் கட்டினார். அது இன்றும் நடக்கிறது.

எனக்கு அதிகம் கவலை தருவது இந்தியாவோடு நேரடித் தொடர்புள்ள குளோரோடைன். இந்தியாவில் ராணுவ மருத்துவராக இருந்த ஜான் காலிஸ் பிரவுன், காலராவுக்கென்று உருவாக்கிய கலவை. 1856-இல் ராணுவத்தை விட்டு, லண்டனில் டேவன்போர்ட் என்ற மருந்துக் கடைக்காரரோடு சேர்ந்து விற்கத் தொடங்கினார். உள்ளே குளோரோஃபார்ம், அபினிலிருந்து எடுத்த மார்ஃபின், கஞ்சாச் சாறு. விளம்பரத்தில் இவற்றின் பெயர் வராது. இருமல், ஆஸ்துமா, வயிற்றுப்போக்கு, காலரா, பல்வலி, வலிப்பு, ஹிஸ்டீரியா என்று நோய்ப் பட்டியல் மட்டும் நீளும். மணிலாவில் காலரா பரவியபோது குளோரோடைன் ஒன்றுதான் பலன் தந்தது என்று பிரிட்டிஷ் தூதர் எழுதியதாக ஒரு வரி. ஃப்ரீமன் என்ற போட்டியாளருடன் 1864-இல் நடந்த வழக்கில், பிரவுன்தான் கண்டுபிடித்தவர் என்று நீதிபதி சொன்னதையும் பல ஆண்டுகள் விளம்பரமாகவே போட்டார்கள். யார் கண்டுபிடித்தது என்பதற்கு நீதிமன்றச் சான்று. என்ன கண்டுபிடித்தார் என்பது வாங்குபவருக்குத் தெரியாது.

இந்த மருந்து வேலை செய்தது. அங்கேதான் ஆபத்தே. மார்ஃபின் வலியை அடக்கும், இருமலை நிறுத்தும், குடலின் அசைவைக் குறைத்துப் பேதியைக் கட்டும். ஆனால் காலராவில் உயிர் போவது உடம்பிலிருந்து நீரும் உப்பும் வெளியேறுவதால். குடல் அசையாவிட்டாலும் கிருமியின் நச்சால் குடலுக்குள் நீர் சுரந்துகொண்டேதான் இருக்கும். வெளியே போவது குறைந்ததும் வீட்டார் நிம்மதி அடைவார்கள். நோயாளி உள்ளுக்குள் வற்றிக்கொண்டிருப்பார். அந்தக் கால மருத்துவர்களும் காலராவுக்கு அபின் கொடுத்தவர்கள்தான் என்பதையும் சொல்ல வேண்டும். உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் உயிரைக் காக்கும் என்பது 1960-களில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் நடந்த ஆய்வுகளில்தான் உறுதியானது. 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் அதைப் பெரிய அளவில் செய்து காட்டினார்.

குளோரோடைன் பழக்கமாகி விடமுடியாமல் போனவர்களும், அளவு மீறிக் குடித்து இறந்தவர்களும் உண்டு. 1868-இல் வந்த மருந்தகச் சட்டம் அபினை விஷப் பட்டியலில் வைத்தது, பேட்டன்ட் மருந்துகளுக்கு மட்டும் விலக்கு கொடுத்தது. 1892-இல் டேவன்போர்ட் மீது வழக்குத் தொடுத்த பிறகுதான் ‘விஷம்’ என்ற சீட்டு ஒட்டப்பட்டது. இவ்வளவு தாமதத்துக்குக் காரணம் என்ன என்றால், பத்திரிகைகள் இந்த விளம்பரங்களில்தான் பிழைத்தன; அரசுக்கும் முத்திரை வரி வந்துகொண்டிருந்தது. பேட்டன்ட் மருந்து வியாபாரத்தை விசாரித்த நாடாளுமன்றக் குழுவின் அறிக்கை 1914 ஆகஸ்ட் 4 அன்று வெளியானது. பிரிட்டன் முதல் உலகப் போரில் இறங்கிய நாள் அது. யார் கவனிப்பார்கள்? உள்ளே இருப்பதை லேபிளில் சொல்லியே ஆகவேண்டும் என்ற சட்டம் 1941-இல்தான் வந்தது.

நம் நாட்டில் 1930-இல் மருந்துகளைப் பற்றி விசாரிக்க மருத்துவர் சோப்ரா தலைமையில் குழு போட்டார்கள், 1940-இல் மருந்துச் சட்டம் வந்தது. 1954-இல் வந்த இன்னொரு சட்டத்தின்படி நீரிழிவு, புற்றுநோய், வலிப்பு உள்ளிட்ட 54 நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது குற்றம். சட்டத்தில் குறை இல்லை. தபாலில் வரும் டப்பாவையும், வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோவையும் அது எட்டிப் பிடிப்பதில்லை, அவ்வளவுதான்.

சரி, அந்த அம்மாவுக்கு வருகிறேன். கன்னம் இரண்டும் உப்பி முகம் நிலா மாதிரி வட்டமாக இருந்தது. முன்கையில் லேசாக இடித்தாலே கன்றிப்போகும் தடங்கள். போன மாதம்தான் சர்க்கரை என்று சொன்னார்களாம். இருபது வருடமாகக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன், இந்த முகத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வலியையும் வீக்கத்தையும் சட்டென்று அடக்கும் ஹார்மோன் மருந்தான ஸ்டீராய்டு கலந்த பொடியை மாதக்கணக்கில் சாப்பிட்டவர்களின் முகம்.

“இனிமே தொடமாட்டேன் தம்பி, இன்னைக்கே தூக்கிப் போட்டுடுறேன்” என்று பயந்துபோய்ச் சொன்னார். அதுதான் கூடாது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்திக்கொள்ளும். திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டப்பாவோடு அன்றே மருத்துவரிடம் அனுப்பினேன். எந்த ஸ்டீராய்டு, ஒரு ஸ்பூனுக்கு எத்தனை மில்லிகிராம் என்று தெரிந்திருந்தால் அவர் கணக்குப் போட்டுக் குறைத்திருப்பார். டப்பாவில் ஜிஎஸ்டி எண்தான் இருந்தது. அனுமானத்தில் ஒரு அளவைத் தொடங்கி, வாரா வாரம் வரவழைத்துப் பார்த்துப் பார்த்துக் குறைக்க ஏழு மாதம் ஆனது.