ஃபிஷிங்: தூண்டில் மோசடி

வங்கிகள் அனுப்பும் எச்சரிக்கைகளிலும் செய்தித்தாள்களிலும் ஃபிஷிங் என்ற சொல் அடிக்கடி தென்படுகிறது. வங்கி, மின்வாரியம், தபால் துறை, மேலதிகாரி, சொந்தக்காரர் என்று நாம் நம்பும் ஒருவரைப் போல வேடமிட்டுச் செய்தி அனுப்புவார்கள். கடவுச்சொல்லையோ ஓடிபியையோ அட்டை எண்ணையோ நம் கையாலேயே கொடுக்க வைப்பார்கள். இதற்குத்தான் ஃபிஷிங் என்று பெயர். இதில் கணினியின் காவலை யாரும் உடைப்பதில்லை. உடைபடுவது மனிதருக்கு மனிதர் மேல் உள்ள நம்பிக்கை.

ஆங்கிலத்தில் ஃபிஷிங் என்றால் மீன்பிடித்தல். இந்த மோசடியைக் குறிக்கும்போது முதலில் உள்ள எஃப் என்ற எழுத்தை எடுத்துவிட்டு பி, எச் இரண்டையும் சேர்த்து எழுதுகிறார்கள். உச்சரிப்பு மாறுவதில்லை. இந்த எழுத்து மாற்றத்துக்குப் பின்னால் ஒரு பழைய கூட்டம் இருக்கிறது. 1960, 70களில் அமெரிக்காவில் தொலைபேசி வலையமைப்பை ஏமாற்றி, காசு கொடுக்காமல் வெளியூருக்குப் பேசியவர்கள் அவர்கள். 2600 ஹெர்ட்ஸ் அளவில் ஓர் ஒலியை எழுப்பினால் தொலைதூர இணைப்பு தங்கள் வசமாகும் என்று கண்டுபிடித்திருந்தார்கள். ஃபோன் என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்துகளை பித்துப் பிடித்தவர் என்று பொருள்படும் ஃப்ரீக் என்பதன் தலையில் வைத்துத் தங்களுக்குப் பெயரும் சூட்டிக்கொண்டார்கள். பின்னால் வந்த ஹேக்கர்கள் அதே எழுத்துகளை மீன்பிடித்தலுக்கும் மாட்டிவிட்டார்கள். தமிழில் ஒலிபெயர்த்தால் இந்த விளையாட்டு முழுவதும் மறைந்துபோகிறது. ஃபிஷிங் என்று தமிழில் படிக்கும் ஒருவருக்கு அதில் மீனும் தெரியாது, தொலைபேசியும் தெரியாது.

சொல் புழங்கத் தொடங்கிய இடம் 1990களின் நடுவில் அமெரிக்கா ஆன்லைன், அதாவது ஏஓஎல் என்ற இணையச் சேவை. அப்போது அங்கே பயன்படுத்திய நேரத்துக்கு ஏற்பக் கட்டணம். எவ்வளவு நேரம் இருந்தாலும் மாதம் 19.95 டாலர் என்ற திட்டம் 1996 டிசம்பரில்தான் வந்தது. மணிக்கு மணி காசு ஏறும் காலத்தில் அடுத்தவர் கணக்கு கிடைத்தால் இலவசமாகச் சுற்றலாம் அல்லவா? ஏஓஹெல் என்ற, கணக்குத் திருட உதவும் மென்பொருளை ஒரு பதின்வயது இளைஞர் எழுதிப் பரப்பினார். ஏஓஎல் ஊழியர் பேசுவது போல உறுப்பினர்களுக்குச் செய்தி அனுப்பி, கணக்கைச் சரிபார்க்கக் கடவுச்சொல் வேண்டும் என்று கேட்கும் வசதி அதில் இருந்தது. எங்கள் ஊழியர் யாரும் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்க மாட்டார்கள் என்று ஏஓஎல் அறிவிக்க வேண்டியதாயிற்று. இன்று நம் வங்கிகள் சொல்வதும் ஏறத்தாழ அதே வாக்கியம்தான்.

இந்தியாவில் இந்தச் சொல் 2005லேயே நீதிமன்றம் ஏறிவிட்டது. இந்திய மென்பொருள் நிறுவனங்களின் சங்கமான நாஸ்காம் பெயரில் பொய் மின்னஞ்சல்கள் அனுப்பி ஆட்களின் விவரங்களைத் திரட்டிய வழக்கு அது. இதற்கென்று தனிச் சட்டம் இல்லாவிட்டாலும் இது சட்டவிரோதம்தான் என்றது டெல்லி உயர் நீதிமன்றம். 2008இல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் திருத்தப்பட்டபோது, ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியாக ஏமாற்றுவதற்கு 66டி என்ற பிரிவு வந்தது. மூன்று ஆண்டு வரை சிறை.

சரி, தமிழில் என்ன சொல்வது?

மீன்பிடித்தல் என்று நேராகப் பெயர்த்தால் பொருள் கெட்டுவிடும். இணையத் திருட்டு என்பது மிகப் பொதுவானது. வலைவீச்சு என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் நம் செய்தித்தாள்களில் வலைவீசுபவர்கள் போலீசார். "தலைமறைவானவரைப் போலீசார் வலைவீசித் தேடி வருகின்றனர்" என்று படித்துப் பழகிய கண்ணுக்கு அந்தச் சொல் திருடனைக் காட்டாது. தவிர, இந்த மோசடியில் இரை உண்டு. வலைக்கு இரை தேவையில்லை, தூண்டிலுக்குத்தான் தேவை. ஆகவே தூண்டில் மோசடி என்பதே சரியான சொல் என்பது என் துணிபு.

ஆங்கிலச் சொல்லைவிட இது ஒரு படி மேலே நிற்கிறது என்றே நினைக்கிறேன். தூண்டில் என்பதற்குள் தூண்டு என்ற வினை இருக்கிறது. மனத்தில் ஏதோ ஒன்றைத் தூண்டிவிடாமல் இந்த மோசடி நடக்காது. "போன மாதக் கட்டணம் பதிவாகவில்லை, இன்று இரவு 9.30க்கு மின்சாரம் துண்டிக்கப்படும்" என்று தமிழ்நாட்டு வீடுகளுக்கு வந்த பொய்க் குறுஞ்செய்திகள் பயத்தைத் தூண்டின. பரிசு விழுந்திருக்கிறது என்பது ஆசையைத் தூண்டுகிறது. இன்னொரு வகை நம் பண்பாட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டது. முன்பெல்லாம் கல்யாணம் என்றால் வீடு தேடி வந்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்து அழைப்பார்கள். இப்போது வாட்ஸ்அப்பில் அனுப்பினாலே போதும், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அந்தப் பழக்கம் வந்த பிறகுதான் திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் ஏபிகே கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு கைபேசியில் செயலியை நிறுவும் கோப்பு, அனுப்பும் மோசடிக்கு வழி பிறந்தது. திறந்து நிறுவினால் அது செயலியாக உட்கார்ந்து குறுஞ்செய்திகளைப் படிக்கும், ஓடிபி உட்பட. இங்கே தூண்டப்படுவது பயமும் இல்லை, பேராசையும் இல்லை. யார் வீட்டுக் கல்யாணமோ என்கிற உறவுணர்வு.

திருக்குறளில் சூது அதிகாரத்தின் முதல் குறள் இதற்கென்றே எழுதியது போல இருக்கிறது:

வேண்டற்க வென்றிடினும் சூதினை வென்றதூஉம்
தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று.

பொன் என்பது இங்கே தூண்டிலின் இரும்பு முள். இரைக்குள் மறைந்திருக்கும் முள்ளை மீன் தன் உணவென்றே விழுங்குகிறது. இந்தக் குறள் முதலில் கொஞ்சம் வெற்றியைக் கொடுத்து இழுக்கும் சூதாட்டத்தைப் பற்றியது. இன்றைய பகுதிநேர வேலை மோசடியில் முதல் நாள் சில நூறு ரூபாயை உண்மையாகவே அனுப்பிவைக்கிறார்களே, அந்த ரூபாய்தான் தூண்டிற்பொன்.

அடிச்சொல் அமைந்துவிட்டால் கிளைகள் எளிதாக வரும். குறுஞ்செய்தியில் வந்தால் குறுஞ்செய்தித் தூண்டில், தொலைபேசிப் பேச்சில் வந்தால் அழைப்புத் தூண்டில். ஒரே ஆளையோ நிறுவனத்தையோ நோட்டமிட்டு அனுப்புவது குறித்தூண்டில். வங்கதேச மத்திய வங்கியில் 2016 பிப்ரவரியில் நடந்த கொள்ளைக்கு வழி திறந்தது ஊழியர்களுக்கு வந்த இந்த வகை மின்னஞ்சல்தான் என்று விசாரணை சொன்னது. 8.1 கோடி டாலர் பிலிப்பைன்சுக்குப் போனது. இலங்கையில் ஓர் அறக்கட்டளையின் பெயருக்கு அனுப்பிய 2 கோடி டாலர், ஃபவுண்டேஷன் என்ற சொல்லில் இருந்த எழுத்துப்பிழையால் தடுக்கப்பட்டுத் திரும்பியது.

குறுஞ்செய்தித் தூண்டிலுக்கு சிங்கப்பூர் நல்ல சான்று. 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் போலிக் குறுஞ்செய்திகள் வந்தன. கைபேசி அவற்றை வங்கியின் உண்மையான செய்திகள் இருந்த அதே வரிசையிலேயே சேர்த்துக் காட்டியது. படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசம் அங்கே எங்கே வருகிறது? ஏறத்தாழ 790 பேர் 1.37 கோடி சிங்கப்பூர் டாலரை இழந்தார்கள். வங்கி அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அதன் பிறகு அந்நாட்டு வங்கிகள் வாடிக்கையாளருக்கு அனுப்பும் குறுஞ்செய்திகளில் இணைப்புகளை நிறுத்தின. இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2025இல் வங்கிகளின் இணையதள முகவரிகள் .பேங்க்.இன் என்று முடிய வேண்டும் என உத்தரவிட்டதும் போலி முகவரியை அடையாளம் காட்டத்தான்.

சொல்லை எப்படி வாக்கியத்தில் வைக்கிறோம் என்பதும் முக்கியம். "ஓய்வுபெற்ற ஆசிரியை ஏமாந்தார்" என்று தலைப்பு போட்டால் குற்றம் அந்த அம்மாவின் மேல் போய் விழுகிறது. வீட்டில் சொல்லக் கூசுகிறார்; பிள்ளைகள் திட்டுவார்கள் என்று இரண்டு நாள் மறைக்கிறார். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது அந்த நேரத்தில்தான். இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணை உடனே அழைத்தால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு. ஆகவே "ஓய்வுபெற்ற ஆசிரியையிடம் தூண்டில் மோசடி செய்து பணம் பறிப்பு" என்று எழுதுவோம். புகார் மனுவிலும் "நான் ஏமாந்துவிட்டேன்" என்று தொடங்க வேண்டாம், "என்னிடம் தூண்டில் மோசடி செய்துள்ளனர்" என்றே எழுதலாம்.